பனிக்கடலில் மாவடிக்குளம்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது கடல்.

லேப்டாப் திரையில்தான். வெளிர்நீலமாக, ஓர் அலைகூட இல்லாமல் கிடந்தது. இடது பக்கம் கிரீன்லாந்தின் கரை. வலது பக்கம் ஏதோ ஒரு தீவின் கிழிந்த விளிம்பு. நடுவே, மிளகு டப்பா கைதவறிக் கவிழ்ந்ததுபோல் கறுப்புப் புள்ளிகள்.

ஒரு புள்ளியின்மேல் மவுஸை வைத்து அழுத்தினேன். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. அதில் ஒரு பெயர் — தாழக்குளம்.

பக்கத்துப் புள்ளியை அழுத்தினேன். செட்டித்தோப்புக் குளம். அதற்கும் பக்கத்தில், பாறையடிக்குளம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குளங்கள் அத்தனையும் வடதுருவத்துக்குப் போகிற வழியில், பனிக்கடலில் மிதந்துகொண்டிருந்தன.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. தவறு என்னுடையதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது. சரிசெய்ய வேண்டும் என்றும் தெரிந்தது. ஆனாலும் கையிலிருந்த கட்டன்சாயா ஆறும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்கப் பார்க்க அது தவறாகவே தோன்றவில்லை. பிப்ரவரியில் அந்தக் கடலில் சூரியன் இன்னும் சரியாக எழுந்திருக்காது. அரையிருட்டில் பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும். அவற்றுக்கு நடுவே நம்மூர்க் குளங்கள்... தாமரை இலைகளோடு, நாரைகளோடு, கரையில் யாரோ கழற்றிப்போட்ட செருப்புகளோடு. திசைகூட மாறியிருந்தது. வடக்கே இருந்த பேச்சிப்பாறைப் பக்கத்துக் குளங்கள் கிழக்கே போய்விட்டன. தெற்கே இருந்த கடற்கரைக் குளங்கள் மேற்கே. கிழக்கெல்லையில் இருந்த ஆரல்வாய்மொழிக் குளங்கள் எல்லாவற்றுக்கும் வடக்கே, துருவத்துக்கு மிக அருகில். ஒரு மாவட்டமே தூக்கத்தில் புரண்டு படுத்ததுபோல் இருந்தது.

செய்தித்தாளில் முப்பது வருடம் பிழை பார்த்தவன் நான். ஒரு பிழையை இத்தனை நேரம் ரசித்தது அதுவே முதல் முறை.

பென்டிரைவை முந்தின நாள் மாலை கொண்டுவந்தவர் லீலா. என் மனைவியுடன் பள்ளியில் படித்தவர். அங்கன்வாடியில் வேலை. சுசீந்திரத்துக்குத் தெற்கே, மாவடிக்குளத்தின் கீழே அறுபது சென்ட் வயல். அதில் வருடத்தின் இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இதை ஒண்ணு தொறந்து பாத்துச் சொல்லணும்."

"என்ன இருக்கு இதுல?"

"எங்க கொளம்."

மூடி தொலைந்த பென்டிரைவ். கைக்குட்டையில் சுற்றியிருந்தார்.

விஷயம் இதுதான். மாத முடிவில் பேச்சிப்பாறை அணையை மூடிவிடுவார்கள். அதற்குமுன் கடைவரம்புக் குளங்களுக்கு — சானலின் வால்முனையில் இருக்கிற குளங்களுக்கு — முறைவைத்து ஒரு தடவை தண்ணீர் விடுவார்கள். எந்தெந்தக் குளம் என்பதை முன்பெல்லாம் லஸ்கர் சொல்வார். சானல் கரையில் நடந்து நடந்து ஷட்டரைத் திறந்து மூடுகிற ஊழியர். அவர் ஓய்வுபெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இந்த வருடம் கம்ப்யூட்டர் சொன்னது.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது, இரண்டு வருடம் முன்பு ஏதோ ஒரு கல்லூரி மாணவர்கள் தயாரித்த வரைபடம். எந்தக் குளத்தை வாய்க்கால் கோடு தொடுகிறதோ அதன் பெயர் பட்டியலில் வரும். தொடாவிட்டால் வராது.

மாவடிக்குளம் வரவில்லை.

"மேப்புல வாய்க்கா கொளத்துக்கு வரலியாம் அண்ணாச்சி. அந்த வாய்க்கால்லதான் நான் நாலாங்கிளாசுல ஒத்தச் செருப்பைத் தொலைச்சேன்னு மேடத்துகிட்டச் சொன்னேன். சிரிக்காங்க."

"மேடம் யாரு?"

"புது இஞ்சினியர். சேலத்துக்காரப் பிள்ளை. நல்ல பிள்ளைதான். தப்பு எங்க இருக்குன்னு யாரையாவது வச்சுப் பாத்து, திங்கக்கிழமை பதினோரு மணிக்குள்ள காட்டுங்கன்னு, மேப்பை இதுல போட்டுக் குடுத்துச்சு."

கதிர் வெளியே வந்து நிற்கிற நேரம். குளத்தில் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கி ஒரு வாரமாகியிருந்தது. மடைக்கு மேலே ஏறினால்தான் வயலுக்குப் பாயும். பாயாவிட்டால் மணி பிடிக்காது... எல்லாம் பதர்.

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள உறவு, எனக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் உள்ள உறவு மாதிரி. குரைக்காதவரை நல்லது. ஆனால் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்த குளத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

இலவசமாகக் கிடைக்கிற வரைபட மென்பொருள் ஒன்றை டேட்டா கார்டு வழியாக இறக்கினேன். அதற்குள் உலகப்படம் இருந்தது. பென்டிரைவில் குளங்களின் பட்டியல் இருந்தது. பட்டியலைக் கொடுத்ததும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. எக்ஸ் எந்த வரிசை? ஒய் எந்த வரிசை?

எக்ஸ் என்றால் படுத்திருக்கிற கோடு. பள்ளியில் படித்தது மறக்கவில்லை. பூகோளத்தில் படுத்திருக்கிற கோடு எது? அட்சரேகை! பலே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அட்சரேகையை எக்ஸ் ஆக்கினேன்.

பலன், பனிக்கடல்.

ஆறரை மணிக்கு டொமினிக்குக்குப் போன் போட்டேன். நானும் அவனும் ஒரே செய்தித்தாளில் வேலை பார்த்தவர்கள். தேர்தல் வந்தால் தொகுதிப் படம் போடுவது அவன்தான் — இந்தியன் இங்க்கில், கையால். பிறகு கத்தாருக்குப் போய் அங்கே ஒரு வரைபட அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தான். இப்போது கருங்கல் ஊரில், நாலு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓய்வு.

"கடலுக்குள்ளயா? எந்தக் கடலுடே?"

"கிரீன்லாந்து பக்கம்."

போனில் நீண்ட நேரம் சிரிப்பு மட்டும் வந்தது.

"மக்கா, எட்டுக்கும் எழுபத்தேழுக்கும் நீ எடம் மாத்திப் போட்டிருக்க. அட்சம் எட்டு, அது மேல ஏறுற கணக்கு. தீர்க்கம் எழுபத்தேழு, அது சைடுல போற கணக்கு. கோடு படுத்துக் கெடந்தா என்ன, நிமிந்து நின்னா என்ன? எண்ணு எந்தப் பக்கம் கூடுகுன்னு பாக்கணும்."

"முதல்லயே சொல்லப்பிடாதா?"

"நீ முதல்லயே கேட்டியா? விடு. எல்லாவனும் செய்யுறதுதான். நான் தோஹாவுல போன புதுசுல ஒரு பெட்ரோல் பங்கைக் கொண்டுபோயி ஐரோப்பாவுல எங்கயோ காட்டுக்குள்ள வச்சேன்."

எக்ஸையும் ஒய்யையும் மாற்றினேன். பனிக்கடல் நொடியில் காலியானது. புள்ளிகள் எங்கே? உலகத்தைக் கையால் இழுப்பதுபோல் மவுஸால் இழுத்து இழுத்துக் கீழே வந்தேன். முக்கோணமாக ஒடுங்குகிற நிலத்தின் நுனியில், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றின்மேலும் பனி ஒட்டாததுபோல, எங்கும் போய்வராததுபோல...

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

புள்ளிகள் வந்தால் மட்டும் போதாது. வாய்க்கால்கள் வேண்டும். அவை வேறொரு ஃபோல்டரில் இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தேன். நாற்பது, நாற்பத்தைந்து ஃபைல்கள். எல்லாம் 'ஏ' என்று தொடங்கி, பின்னால் வரிசையாகச் சைபர்கள். ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒன்றும் திறக்கவில்லை. ஒன்றை மட்டும் நோட்பேடில் திறக்க முடிந்தது — பூச்சி மருந்து குடித்த எறும்புகள்போல் எழுத்துகள் சிதறிக் கிடந்தன.

இருப்பதில் பெரிய ஃபைல்தான் வரைபடமாக இருக்கும் என்று தீர்மானித்தேன். யோசித்துப் பாருங்கள், வேறெப்படித் தீர்மானிப்பது? அதை மட்டும் வெட்டி எடுத்து வெளியே, டெஸ்க்டாப்பில் வைத்தேன். மென்பொருளிடம் காட்டினேன். இது என்ன என்று எனக்குத் தெரியாது என்றது. மறுபடி டொமினிக்.

"வீடு பாக்கப் போனவன் செங்கல்ல ஒண்ணொண்ணா உருவிப் பாத்தியாக்கும்?"

"என்னடே சொல்லுக?"

"அந்த ஃபோல்டர்தான் டேட்டாபேஸ். மொத்தமும் சேந்து ஒண்ணு. உள்ள போவாத. வெளிய நின்னு, இன்னதுன்னு ஃபோல்டரோட பேரை மட்டும் காட்டு. உள்ள என்னென்ன இருக்குன்னு அதுவே எண்ணிச் சொல்லும்."

"காட்டிட்டேன். தப்புங்குது."

"எதையாவது நோண்டுனியா?"

என் கண் டெஸ்க்டாப்புக்குப் போனது.

"எடே... எதை எடுத்த?"

"பெருசு ஒண்ணை."

"இருந்த எடத்துல கொண்டு வை. பைய வை. பேரை மாத்தாத."

வைத்தேன். வெளியே வந்தேன். ஃபோல்டரின் பெயரைக் காட்டினேன். 'கனெக்ட்' என்ற பொத்தானை அழுத்தினேன்.

என் லேப்டாப் பழையது. எல்லாவற்றையும் மெதுவாகத்தான் செய்யும். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. முதலில் மலைப்பக்கம் பேச்சிப்பாறை நீலமாக நிறைந்தது. அங்கிருந்து ஒரு கோடு புறப்பட்டது. அதிலிருந்து இன்னொன்று பிரிந்தது. அதிலிருந்து இரண்டு. நரம்பு ஓடுவதுபோல், ஒவ்வொரு கோடாகத் தெற்கே இறங்கி இறங்கி வந்தது. போகிற வழியிலெல்லாம் குளங்கள் தங்கள் முழு உருவத்தோடு திறந்துகொண்டன — ஒன்று சிறுநீரகம்போல், ஒன்று கிழிந்த வாழையிலைபோல், ஒன்று தூங்குகிற ஆமைபோல். ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்குள் யாரும் எழுந்திருக்கவில்லை. அணையிலிருந்து புறப்பட்ட நீலம் என் மேசைமேல், இரண்டு நிமிடத்தில், கடற்கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

மாவடிக்குளத்தைத் தேடிப் பெரிதாக்கினேன்.

வாய்க்கால் கோடு வடக்கிலிருந்து நேராக வந்தது. குளத்துக்குச் சற்றுமுன் சட்டென்று இடதுபக்கம் திரும்பியது. வளைந்து போய், தார்ரோட்டில் முடிந்தது. கோட்டுக்கும் குளத்துக்கும் இடையில் எவ்வளவு என்று அளந்தேன். அறுபத்திரண்டு மீட்டர்.

சனிக்கிழமை லீலா வந்து பார்த்தார். திரைக்கு மிக அருகே குனிந்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வாய்க்கா ரோட்டுக்கா போவுது? ரோடு என்ன நெல்லா வெளையுது?"

"மேல இருந்து எடுத்த படத்துல பாத்தா?"

"தென்னந்தோப்புல்லா. மட்டைதான் தெரியும்."

உண்மை. குளங்களைச் சாட்டிலைட் படத்தைப் பார்த்து வரைந்திருந்தார்கள். அதனால் அவை கச்சிதமாக இருந்தன. வாய்க்கால்கள் தென்னைமர நிழலில் ஓடுகிறவை, வானத்துக்குத் தெரியாது. அவற்றை மட்டும் மாணவர்கள் கையில் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்து பதிவு செய்திருந்தார்கள். நடந்த வழிதான் கோடு.

டொமினிக் போன் ஸ்பீக்கரில் சொன்னான். "அதுல என்ன இருக்கு? கோட்டோட நுனியைப் பிடிச்சு இழுத்துக் கொளத்துல ஒட்டு. ரெண்டு கிளிக்கு. நான் சொல்லித்தாறேன்."

லீலா என் முகத்தைப் பார்த்தார். இரண்டு கிளிக். எத்தனை எளிது? குளம் அங்கே இருப்பது உண்மை. வாய்க்கால் வருவது உண்மை. கோடுதானே பொய்?

செய்தித்தாள் வேலையில் நான் கற்றது பெரிதாக ஒன்றுமில்லை. போகாத ஊரின் பெயரைச் செய்தியின் தலையில் போடக்கூடாது... அவ்வளவுதான். அந்தப் பழக்கம் கையைப் பிடித்தது.

"நாளைக்குக் காலையில நடந்து பாத்துருவோம்" என்றேன்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மூன்று பேர் நடந்தோம். டொமினிக் தன் கத்தார் காலத்து ஜிபிஎஸ்ஸோடு பைக்கில் வந்திருந்தான். முன்னால் லீலா. பின்னால் நாங்கள் இருவர். வாய்க்காலின் அடியில் பாசி காய்ந்து வெடித்திருந்தது. வெயில் தென்னை மட்டைகளின் வழியாகத் துண்டு துண்டாக விழுந்தது. ஒரு மீன்கொத்தி எங்களுக்கு முன்னால் பறந்து உட்கார்ந்து, நாங்கள் வந்ததும் மறுபடி பறந்து உட்கார்ந்து, வழிகாட்டுவதுபோலவே வந்தது. எதற்காக நடக்கிறோம் என்பதுகூட எனக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோயிருந்தது.

எங்கோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. கல்லில் அடிக்கிற சத்தம், பெண்களின் சிரிப்பு.

நடந்துகொண்டே இருந்தேன்.

"அண்ணாச்சி! எங்க போறீங்க? வாய்க்கா இங்கல்லா இருக்கு!"

நின்றேன். நான் தென்னந்தோப்புக்குள் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் டொமினிக். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை. ஆனால் இருவரும் ஒரே எட்டில் இடதுபக்கம் திரும்பியிருந்தோம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். இங்கே குளங்களில் பெண்கள் குளிக்கத் தனிப் படித்துறை உண்டு. பெரும்பாலும் வாய்க்கால் குளத்துக்குள் நுழைகிற இடத்தில்தான் இருக்கும். அங்கேதான் தண்ணீர் தெளிவு. காலை நேரத்தில் அந்தப் பக்கம் ஆண்கள் போவதில்லை. போகாதே என்று போர்டு கிடையாது. யாரும் சொல்லிக் கொடுத்ததாகவும் எனக்கு நினைவில்லை. சத்தம் காதில் விழும். உடம்பு திரும்பிவிடும்.

டொமினிக் கையிலிருந்த ஜிபிஎஸ்ஸைப் பார்த்தான். அதன் சின்னத் திரையில் நாங்கள் நடந்த கோடு தெரிந்தது. நேராக வந்து, சட்டென்று இடதுபக்கம்...

"ஏசுவே" என்றான். "மக்கா, அந்தப் பயலுவளும் இங்ஙனதான் திரும்பியிருப்பானுவ."

லீலா கையை நீட்டினார். "அதை இங்க குடுங்க."

ஜிபிஎஸ்ஸை வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு நேராகப் போனார். நாங்கள் ஆளுக்கொரு தென்னைமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றோம். காது மட்டும் வேலை செய்தது.

"ஏட்டி லீலா! கையில என்னட்டி, ரேடியோவா?"

"ஜிபிஎஸ்சுட்டி."

"அது என்னத்துக்கு?"

"நம்ம வாய்க்கா எங்கூடிப் போவுதுன்னு மேல சாட்டிலைட்டுக்குக் காட்டணும். அப்பந்தான் தண்ணி விடுவாங்க."

"மேல இருந்து பாத்துக்கிட்டா இருக்கு? ஏட்டி, அந்தத் துண்டை எடு சீக்கிரம்!"

படித்துறை முழுக்கச் சிரித்தது.

"அங்க தோப்புக்குள்ள நிக்கது யாரு?"

"அண்ணாச்சியும் அவரு கூட்டாளியும்."

"எப்பம் இருந்து நிக்காங்க?"

"இப்பந்தான்."

"நல்லா நிக்காங்கட்டி. தேங்கா ஒண்ணுதான் இல்ல."

டொமினிக் தன் மரத்திடம் மெதுவாகச் சொன்னான். "தோஹாவுல பன்னிரண்டு வருசம் சர்வே பாத்தேன். இப்படி ஒரு எர்ரரை நான் கண்டதில்ல."

என் வீட்டுக்கு வந்து லீலா நடந்த கோட்டை வரைபடத்தில் ஏற்றினோம். அது நேராகப் போய்க் குளத்துக்குள் இறங்கியது. அறுபத்திரண்டு மீட்டர் இல்லாமல் போயிற்று.

டொமினிக் அதோடு விடவில்லை. மாணவர்கள் நடந்த ஒவ்வொரு கோட்டுக்கும் டேட்டாபேஸில் ஒரு வரி இருந்தது. அதில் நடந்த தேதி, நேரம். நேரப்படி அடுக்கினான். அந்தச் சானலில் குளத்தைத் தொடாமல் திரும்பிய கோடுகள் மொத்தம் ஒன்பது. ஒன்பதும் காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் நடந்தவை. பதினோரு மணிக்குப் பிறகு நடந்த கோடுகள் எல்லாம் ஒழுங்காகக் குளத்தைத் தொட்டிருந்தன.

மூவரும் கொஞ்ச நேரம் அந்த ஒன்பது வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரைபடத்தில் தெரிவது நிலம் மட்டும் என்றுதானே நினைக்கிறோம்? இருபது வயதுப் பையன்கள் ஒன்பது காலைகளில் தலையைக் குனிந்துகொண்டு விலகிப்போனது, கோடாக அப்படியே கிடந்தது. அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எங்கள்மேலும் வந்திருக்க வேண்டும்.

மாவடிக்குளம் ஒன்பதில் கடைசி. மற்ற எட்டும் அதற்கு மேலே, அதே சானலில்.

டொமினிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "தங்கச்சி, ஒண்ணு சொல்லுகேன். நாளைக்கு ஒங்க கொளத்தை மட்டும் காட்டுங்க. செவ்வாக்கிழமையே தண்ணி வந்துரும். ஒம்பதையும் காட்டினா, மேல உள்ள எட்டும் ரொம்பின பொறவுதான் ஒங்களுக்கு."

"அந்த எட்டுக்கும் கீழ வயல் இருக்குல்லா?"

"இருக்கும்."

"கதிர் வந்த வயலு?"

"இந்த நேரத்துல எல்லா எடத்துலயும் அதுதான்."

லீலா சாயாவை முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "பேப்பர் இருக்கா அண்ணாச்சி?"

எட்டுக் குளங்களின் பெயரையும் திரையைப் பார்த்து எழுதினார். அங்கன்வாடி எழுத்து. வட்டம் வட்டமாக, தெளிவாக இருந்தது.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அலுவலகத்தில் இருந்தோம். இஞ்சினியருக்கு முப்பது வயது இருக்கும். புதுக் கோட்டைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தார்.

"தொடுது" என்றார். பிறகு, "சார், பழைய கோடு ஏன் தோப்புக்குள்ள போகுது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரையில் அந்த வளைவை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல வாய்க்காலும் இல்ல, படித்துறையும் இல்ல சார். எனக்கு இது தோணியே இருக்காது."

லீலா பேப்பரை மேசைமேல் வைத்தார். இஞ்சினியர் படித்தார்.

"அம்மா, உங்க குளம் ஒண்ணுன்னா நாளைக்கே ஷட்டரைத் திறக்கச் சொல்லிடுவேன். இந்த எட்டையும் சேர்த்தா நடந்து பார்க்கணும். ரெண்டு நாள் ஆகும். அப்புறம் மேல இருந்துதான் வரிசையா வரும். உங்களுக்குக் கடைசி."

"தெரியும் மேடம்."

"பயிர் தாங்குமா?"

"யாருக்குத் தெரியும்? நீங்க எழுதுங்க."

செவ்வாயும் புதனும் காலையில் இஞ்சினியரும் லீலாவும்தான் நடந்தார்கள். எட்டுப் படித்துறைகளிலும் என்னென்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. மேடத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று இரண்டு இடத்தில் சொன்னார்களாம்.

புதன் மாலை இஞ்சினியர் போன் செய்தார். ஒன்பது கோடுகளையும் திருத்தியாயிற்று. ஒரே ஒரு சந்தேகம்.

"சார், திருத்தம் பண்ணினா காரணம் எழுதணும். குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. சின்னக் கட்டம்தான். என்ன எழுதட்டும்? நீங்க பேப்பர்ல இருந்தவங்க..."

தலைப்பு வைப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அன்றைக்கு மனதுக்குள் இரண்டு தலைப்புகளை எழுதி அடித்தேன். கடைசியில் சொன்னேன்.

"காலையில் ஆண்கள் நடந்தது."

அவர் தட்டெழுதுகிற சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை ஷட்டரைத் திறந்தார்கள். எட்டுக் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்தன. மாவடிக்குளத்தில் தண்ணீர் மடைக்கு மேலே ஏறியது அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு.

லீலாவின் வயலில், மடையை ஒட்டிய நாற்பது சென்ட்டில் மணி பிடித்தது. மேட்டுப் பக்கத்து இருபது சென்ட் பதர்.